இணைய அசைவூட்டத்துக்கு எந்தச் சட்டக வீதம் பொருத்தமானது?

உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்காக ஓர் இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறீர்கள். முகப்புப் பக்கத்தின் அடியில் கையால் வரைந்த ஓலைகள் அசையும் பனைவரிசைக்குப் பின்னால் ஒரு புகைவண்டி கடந்து போகவேண்டும். மேலிருந்து வேப்பம்பூக்கள் உதிரவேண்டும். பழைய ஒளிப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வரவேண்டும். இவற்றுக்குச் செக்கனுக்கு 24 சட்டகங்கள் (அடுத்தடுத்துக் காட்டப்படும் தனிப்படங்கள்) போதுமா, 30 வேண்டுமா, 60 வைத்தால் குறைந்த விலைக் கைத்தொலைபேசிகள் தாங்குமா, ரொறன்ரோவிலும் லண்டனிலும் 120 ஹேர்ட்ஸ் திரையில், அதாவது செக்கனுக்கு 120 தடவை தன்னைப் புதுப்பிக்கும் திரையில், பார்ப்பவர்களுக்கு வேறாக ஏதும் செய்யவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கத்தில் ஓடும் அசைவூட்டத்தின் சட்டக வீதத்தைத் தெரிவுசெய்பவர் நீங்கள் அல்லர். பார்ப்பவரின் கையிலிருக்கும் திரைதான் அதைத் தீர்மானிக்கிறது. ஓர் அசைவு எத்தனை மில்லிசெக்கனில் முடியவேண்டும் என்பதும், ஒவ்வொரு சட்டகத்தையும் வரைய உலாவிக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறீர்கள் என்பதுமே உங்கள் பொறுப்பில் இருப்பவை. காலத்தை அடிப்படையாக வைத்து எழுதி, வேலையையும் குறைவாக வைத்தீர்களானால், 60 ஹேர்ட்ஸ் திரையில் 60 ஆகவும் 120 ஹேர்ட்ஸ் திரையில் பெரும்பாலும் 120 ஆகவும் அது தானாகவே ஓடும். வேலை எவ்வகையிலும் குறையாத இடத்தில் மட்டுமே ஓர் எண்ணை நீங்களாக விதிக்கவேண்டி வரும். அப்போதும் அந்த எண் திரையின் வீதத்தை மீதியின்றி வகுக்கவேண்டும். நடைமுறையில் அது பெரும்பாலும் 30.

24, 25, 30 ஆகிய எண்கள் வேறு ஊடகங்களிலிருந்து நமக்கு வந்தவை. பேசும் படங்கள் வந்த 1920களின் கடைசியில், ஒலித்தடம் சீரான வேகத்தில் ஓடவேண்டியிருந்ததால் திரைப்படம் 24இல் நிலைபெற்றது. 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள இலங்கை, இந்தியா, பிரித்தானியா போன்ற நாடுகள் பின்பற்றிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சி செக்கனுக்கு 25 சட்டகங்களைக் கொண்டது. வட அமெரிக்காவில் அது 29.97. பின்னர் வந்த, இணைய அசைவூட்டங்களைச் செய்ய உதவிய ஃபிளாஷ் என்ற மென்பொருள், கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டக வீதத்தைக் கேட்டது. அதன் பழைய பதிப்புகளில் அந்த எண், நாம் மாற்றாதவரை, 12 ஆக இருந்தது, பிந்திய பதிப்புகளில் 24 ஆனது. 2020 டிசெம்பர் 31 உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்துவிட்ட போதிலும், “என் அசைவூட்டத்துக்கு எத்தனை எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை சட்டகங்கள்) வைக்கலாம்?” என்று கேட்கும் பழக்கம் அதன் வழியாகவே இன்றைய இணைய வடிவமைப்பாளர்களிடம் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

திரைப்படத்தில் 24 போதுமாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஒளிப்படக் கருவி ஒவ்வொரு சட்டகத்தையும் வழமையாகச் செக்கனின் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்துப் பதிவுசெய்கிறது. அந்த நேரத்துக்குள் பொருள் நகர்ந்த தூரம் முழுவதும் ஒரு மங்கலாகப் படத்தில் படிகிறது. அந்த மங்கலைக் கண் இயக்கமாக வாசித்துக்கொள்கிறது. உலாவி வரையும் சட்டகத்தில் அந்த மங்கல் கிடையாது. உங்கள் புகைவண்டியின் யன்னல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சட்டகத்திலும் கத்தி வெட்டியதுபோல் கூர்மையாகவே நிற்கும். ஆகவே திரையரங்கில் உறுத்தாத 24, இணையப் பக்கத்தில் கிடையாக ஓடும் கூரிய விளிம்புகளில் தெளிவாக உதறும்.

இனித் திரையைக் கவனிப்போம். 60 ஹேர்ட்ஸ் திரை 16.67 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை தன்னைப் புதுப்பிக்கிறது. 90 ஹேர்ட்ஸ் திரைக்கு அந்த இடைவெளி 11.11, 120க்கு 8.33, விளையாட்டுக்கென விற்கப்படும் 144 ஹேர்ட்ஸ் திரைக்கு 6.94 மில்லிசெக்கன். ஒரு சட்டகத்துக்கான வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்தாகவேண்டும். 17 மில்லிசெக்கன் எடுத்தால் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவாகத்தானே பிந்தியது என்று ஆறுதலடைய முடியாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு நிமிடம் பிந்தியவர் அடுத்த பஸ் புறப்படும்வரை நிற்பதுபோல், அந்தச் சட்டகமும் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்கும். பழைய படமே 33.33 மில்லிசெக்கன் திரையில் நிற்கும். உலாவி தனக்கென எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் இதிலேயே கழிக்கவேண்டியிருப்பதால், 60 ஹேர்ட்ஸ் திரைக்கு உங்கள் நிரலின் பங்கு 10 மில்லிசெக்கனைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

சராசரி வீதத்தைவிடச் சீர்மையே முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 360 பிக்சல் அகலமான கைத்தொலைபேசித் திரையை உங்கள் புகைவண்டி 3 செக்கனில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 120 பிக்சல். 60 சட்டகங்களில் ஒவ்வொரு தடவையும் 2 பிக்சல் நகரும், 30இல் 4 பிக்சல், 24இல் 5 பிக்சல். நாலுக்கும் ஐந்துக்கும் பெரிய வேறுபாடு இல்லையே என்று தோன்றும். ஆனால் 60ஐ 24 மீதியின்றி வகுக்காது. ஒரு சட்டகம் இரண்டு புதுப்பிப்புகளுக்கும் அடுத்தது மூன்று புதுப்பிப்புகளுக்கும் நிற்கவேண்டியிருப்பதால், வண்டி 33 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையும் 50 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையும் மாறி மாறி 5 பிக்சல் குதிக்கிறது. அதன் வேகம் சீரானது என்று எதிர்பார்த்துப் பின்தொடரும் கண், ஒவ்வொரு குதிப்பிலும் ஏமாறுகிறது. 45 சட்டகங்கள் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. எண்ணாகப் பார்த்தால் அது 30ஐவிடப் பெரியது. 60 ஹேர்ட்ஸ் திரையிலோ இரண்டு சட்டகங்கள் 16.7 மில்லிசெக்கனும் மூன்றாவது 33.3 மில்லிசெக்கனும் நிற்க, வண்டி நொண்டிக்கொண்டு போவதுபோல் தெரியும். சீராக ஓடும் 30, தடுமாறி ஓடும் 45ஐவிடக் கண்ணுக்கு இதமானது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

30ஐ நான் பரிந்துரைப்பதற்கு அது 60, 90, 120 ஆகிய மூன்றையும் மீதியின்றி வகுப்பதே காரணம். 144 ஹேர்ட்ஸ் திரைக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே 36, 48, 72 ஆகியன பொருந்தும். எனவே “30” என்ற எண்ணை நிரலில் பொறித்துவிடுவதைவிட, “எத்தனை புதுப்பிப்புக்கு ஒரு தடவை வரைவது” என்று சிந்திப்பதே சரியான வழி. அதைச் செய்யும் முறையைப் பூக்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

புகைவண்டியை நகர்த்த, இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் செற் இன்ரவல் (setInterval) என்ற கடிகாரத்தை 16 மில்லிசெக்கனுக்கு வைப்பது இன்றும் பல தளங்களில் காணப்படுகிறது. அது செக்கனுக்கு 62.5 தடவை அடிக்கும்; திரையோ 60 தடவைதான் புதுப்பிக்கும். ஆகவே 0.4 செக்கனுக்கு ஒரு தடவை ஒரே புதுப்பிப்புக்குள் இரண்டு அடிகள் விழுந்து, கணக்கிட்ட ஓர் இடம் திரைக்கு வராமலே போய், வண்டி இரட்டிப்புத் தூரம் பாய்கிறது. 17 ஆக மாற்றினால் 58.8 தடவை அடிக்கும். அப்போது செக்கனுக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக வண்டி அசையாமல் நின்று போகும். எந்த முழு எண்ணை வைத்தாலும் இந்தத் தவறு வேறு வடிவில் வரும், ஏனெனில் கடிகாரத்துக்கும் திரைக்கும் ஒன்றையொன்று தெரியாது. இதற்காகவே உலாவிகளில் றிக்குவெஸ்ற் அனிமேசன் ஃபிரேம் (requestAnimationFrame) என்ற வசதி இருக்கிறது. திரை அடுத்த தடவை புதுப்பிக்கப்படுவதற்குச் சற்று முன்னர் உங்கள் நிரலை அது அழைக்கும்; அழைக்கும்போது அந்தச் சட்டகத்தின் நேரத்தையும் மில்லிசெக்கனில் கையில் கொடுக்கும். பார்ப்பவர் வேறு தாவலுக்குப் போய்விட்டால் அழைப்பதை நிறுத்திக்கொள்ளும். இதனால் பற்றரியும் மிஞ்சும்.

அந்த நேரத்தை வாங்கிப் பயன்படுத்தாமல் விடுவதே அடுத்த பெரிய தவறு. “ஒவ்வொரு அழைப்பிலும் 2 பிக்சல் நகர்த்து” என்று எழுதினால், 60 ஹேர்ட்ஸில் 3 செக்கன் ஓடும் வண்டி 120 ஹேர்ட்ஸில் ஒன்றரைச் செக்கனில் ஓடி மறைந்துவிடும். புறப்பட்ட நேரத்தை வைத்திருந்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, கழிந்த காலத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுங்கள். ஒரு சட்டகம் தவறினாலும் வண்டி அடுத்த சட்டகத்தில் தான் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும்.

இதே தவறு வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் ஓர் இடம் உண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஒரு பொருளை இலக்கை நோக்கி மெல்ல இழுக்க, “மீதமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு சட்டகத்திலும் குறை” என்று எழுதுவது மிகவும் பரவலான உத்தி. பார்க்கவும் அழகாக இருக்கும். அரைச் செக்கன் கழிந்தபின் 60 ஹேர்ட்ஸ் திரையில் 30 சட்டகங்கள் ஓடியிருக்கும், மீதித் தூரம் 4.2 சதவீதம். 120 ஹேர்ட்ஸ் திரையில் 60 சட்டகங்கள் ஓடியிருக்கும், மீதி 0.18 சதவீதம், பொருள் போய்ச் சேர்ந்தே விட்டது. 30இல் ஓடும் சாதனத்தில் 15 சட்டகங்கள்தாம், மீதி 20.6 சதவீதம். ஒரே நிரல் ரொறன்ரோவில் விறைப்பாகவும் யாழ்ப்பாணத்தில் சோம்பலாகவும் தெரிவதற்கு இது ஒன்றே போதும். முந்தைய சட்டகத்திலிருந்து கழிந்த மில்லிசெக்கனை 16.67ஆல் வகுத்து, 0.9ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, வருவதை 1இலிருந்து கழியுங்கள்; பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக அந்தப் பங்கைக் குறைத்தால் எல்லாத் திரையிலும் ஒரே வேகம் கிடைக்கும். கழிந்த நேரத்துக்கு ஓர் உச்ச வரம்பும் தேவை. தாவலை மாற்றி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பும் ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடமும் ஒரே சட்டகத்தின் காலமாகக் கணக்கிடப்பட்டால், பூக்கள் எல்லாம் ஒரே பாய்ச்சலில் தரைக்கு வந்துவிடும். 50 மில்லிசெக்கனுக்கு மேற்பட்டதை 50 ஆகவே எடுத்துக்கொள்வது போதுமானது.

உங்கள் புகைவண்டிக்கு உண்மையில் ஜாவாஸ்கிரிப்ட்டே தேவையில்லை. பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சீஎஸ்எஸ்ஸில் எழுதும் அசைவூட்டம் கால அளவை மட்டுமே கேட்கிறது, சட்டக வீதத்தைக் கேட்பதே இல்லை. ஆனால் எந்தப் பண்பை அசைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். வண்டி இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற லெஃப்ற் (left) மதிப்பை மாற்றினால், ஒவ்வொரு சட்டகத்திலும் உலாவி பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட்டு, மறுபடி வரைந்து, பின்னரே திரைக்கு அனுப்பவேண்டும். ரான்ஸ்ஃபோம் (transform) பண்பால் நகர்த்தினால், ஏற்கெனவே வரைந்து வைத்த படலத்தைக் கிராபிக்ஸ் சிப் இடம் மாற்றி வைப்பதோடு வேலை முடிந்துவிடும். அந்த வேலை, நிரல் ஓடும் முதன்மை இழைக்கு (உலாவி தன் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் வரிசைக்கு) வெளியே நடப்பதால், வேறு ஏதாவது நிரல் 200 மில்லிசெக்கன் முதன்மை இழையை அடைத்துக்கொண்டிருந்தாலும் வண்டி நிற்காமல் ஓடும். ஒளிபுகாத் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் ஒபாசிற்றி பண்புக்கும் இந்தச் சலுகை உண்டு. லெஃப்ற் மதிப்புக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. அப்படி வைக்கப்படும் இடம் வரையும்போது பெரும்பாலும் முழுப் பிக்சலுக்கு ஒட்டவைக்கப்படுகிறது. செக்கனுக்கு 10 பிக்சல் மட்டுமே நகரும் மேகமொன்றை அப்படி நகர்த்தினால், சட்டக வீதம் 60 ஆகவே இருந்தாலும் மேகம் செக்கனுக்குச் சில தடவைகளே அசைந்து உதறும். ரான்ஸ்ஃபோம் பின்னப் பிக்சல்களிலும் வைக்கும். மெதுவான அசைவு உதறுகிறது என்று முறையிடுபவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

இதனால் எல்லாவற்றையும் தனிப் படலமாக்கிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். 1080 க்கு 2400 பிக்சல் திரை முழுவதையும் மூடும் ஒரு படலம், பிக்சலுக்கு 4 பைற் வீதம் ஏறத்தாழ 10 மெகாபைற் நினைவகத்தை எடுக்கும். வானம், மேகம், பனை, வண்டி, பூ என்று முழுத்திரைப் படலங்களை அடுக்கினால் 50 மெகாபைற் போய்விடும். நினைவகம் குறைந்த கைத்தொலைபேசியில் அதுவே தடுமாற்றத்துக்குக் காரணமாகும். வண்டியின் படலம் வண்டியின் அளவில் இருக்கட்டும். அசையும் பொருளுக்கு நிழலும் மங்கலும் போடுவதைத் தவிருங்கள்; அழகுக்காக வைக்கும் ஒரு பெரிய மங்கல், மற்றெல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிக நேரத்தை எடுத்துவிடக்கூடும். சூட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். சாதனம் சூடேறினால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் ஒரு வீட்டில், அரை மணித்தியாலம் வீடியோ அழைப்பில் பேசிவிட்டு உங்கள் தளத்தைத் திறப்பவரின் கைத்தொலைபேசி, குளிரூட்டிய அறையில் நீங்கள் சோதித்த அதே மாதிரிக் கைத்தொலைபேசியைவிட மெதுவானது.

உங்கள் பட்டியலில் கனமானது வேப்பம்பூ உதிர்வுதான். நூற்றுக்கணக்கான பூக்களை, நிரலால் வரைவதற்கான கன்வஸ் என்ற பரப்பில் ஒவ்வொரு சட்டகமும் அழித்து வரைவதால், இங்கேதான் வீதத்தைக் குறைப்பது நியாயமாகிறது. அதற்கு முன்னர் பரப்பின் நுணுக்கத்தைக் குறையுங்கள். 360 க்கு 640 அளவுள்ள பரப்பை மும்மடங்கு அடர்த்தியுள்ள (ஒரு பிக்சலின் அகலத்தில் மூன்று புள்ளிகள் கொண்ட) திரைக்கு முழு நுணுக்கத்தில் வரைந்தால் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஒன்றரை மடங்கில் வரைந்தால் அதில் காற்பங்கு. சிறிய வெண்பூக்கள் மங்கலாக விழுவதில் யாருக்கும் குறை தெரியாது. அப்படியும் போதாவிட்டால் 30க்கு வாருங்கள். பூ மெதுவாகவும் ஆடி ஆடியும் விழுவது; கண் ஒரு பூவைத் தொடர்ந்து பின்பற்றுவதில்லை; ஆகவே அங்கே 30 போதும், 20கூட உறுத்தாது.

30ஐ நிலைநிறுத்தும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. பலர் எழுதுவது, “கடைசியாக வரைந்து 33.33 மில்லிசெக்கன் கழிந்திருந்தால் வரை, இல்லாவிட்டால் விட்டுவிடு” என்பதாகும். 60 ஹேர்ட்ஸ் திரையில் இரண்டு புதுப்பிப்புகளின் நீளம் சரியாக 33.33தான், ஆனால் கைக்கு வரும் நேரமோ ஒரு தடவை 33.35 ஆகவும் மறுதடவை 33.31 ஆகவும் இருக்கும். 33.31 வரும்போது நிபந்தனை பொய்த்து, அடுத்த புதுப்பிப்புவரை காத்திருந்து, சட்டகம் 50 மில்லிசெக்கனுக்கு நீளும். 30 என்று நினைத்தது 30உம் 20உம் ஒழுங்கின்றிக் கலந்த ஒன்றாகிவிடும். இதற்குப் பதிலாக, முதல் சில பத்துச் சட்டகங்களின் இடைவெளியை அளந்து அதன் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) எடுத்து, 33.33ஐ அதனால் வகுத்துக் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 60இல் அது 2, 90இல் 3, 120இல் 4 என்று வரும். 144இல் 5 என வந்து 28.8 சட்டகங்கள் கிடைக்கும். 30 இல்லாவிட்டாலும் அது சீரானது. அத்தனை புதுப்பிப்புக்கு ஒரு தடவை வரையுங்கள். ஐபோன் குறைமின் நிலையில் இருக்கும்போது சஃபாரி உலாவி இந்த அழைப்புகளைச் செக்கனுக்கு 30 ஆகக் குறைத்துவிடுகிறது. “ஒன்றுவிட்டு ஒன்று வரை” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் அங்கே 15தான் கிடைக்கும். அளந்து பார்த்து எழுதியிருந்தால் 1 என்று வந்து 30 நிலைக்கும். புதுப்பிப்பு வீதத்தை இடையிலேயே மாற்றிக்கொள்ளும் கைத்தொலைபேசிகளும் இப்போது பல இருப்பதால், அந்த அளவீட்டைச் சில செக்கன்களுக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்வது நல்லது.

ஒளிப்படங்கள் வழுக்கி வரும் பகுதியில் எந்த வரம்பும் வைக்கவேண்டாம். விரலோடு சேர்ந்து நகரும் எதிலும் சட்டகத்தைக் குறைப்பது தவறு; விரலுக்கும் படத்துக்கும் இடையே விழும் இடைவெளியைக் கை உடனே உணர்ந்துவிடும். சீஎஸ்எஸ்ஸில் உள்ள ஸ்குரோல் ஸ்னப் என்ற வசதியைப் பயன்படுத்தினால், இழுப்பதையும் ஒட்டி நிற்பதையும் உலாவியே முழு வீதத்தில் கவனித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திப் படத்தை மாற்றும்போது 250 முதல் 300 மில்லிசெக்கன் போதும். 360 பிக்சலை 300 மில்லிசெக்கனில் கடக்கும் படம் 60 ஹேர்ட்ஸில் 18 படிகளில், படிக்கு 20 பிக்சலாகப் போகும். 30இல் 9 படிகளில் 40 பிக்சலாகக் குதிக்கும். குறுகிய நேரத்தில் நீண்ட தூரம் போகும் அசைவுக்கே உயர்ந்த வீதம் மிகவும் தேவை என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

பனையோலைகள் அசைவதைக் கையால் வரைந்திருப்பதாகச் சொன்னீர்கள். கையால் வரைந்த அசைவூட்டத்தில் செக்கனுக்கு 12 படங்கள் என்பது நீண்டகால மரபு; அதன் சற்றே துள்ளலான நடையே அதற்கு அழகு. அதை 60 ஆக்க முயலாதீர்கள். படங்களை ஒரே நீண்ட படமாக இணைத்து, சீஎஸ்எஸ்ஸின் ஸ்ரெப்ஸ் என்ற படிமுறை நேரத்தால் நகர்த்துங்கள். 1080 க்கு 600 அளவில் 12 படங்கள் வைத்தால் விரித்தபின் நினைவகத்தில் 31 மெகாபைற் ஆகும் என்பதால், பனைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஜிஃப் வேண்டாம். அதில் சட்டகத்தின் காலம் செக்கனின் நூறில் ஒரு பங்கு என்ற அலகில்தான் எழுதப்படும்; ஆகவே 60 என்பது அதில் எழுதவே முடியாத எண். 0 அல்லது 1 அலகு என்று எழுதினால் பெரும்பாலான உலாவிகள் அதை 10 அலகாக எடுத்து, செக்கனுக்கு 10 படமாக இழுத்துவிடும். சங்கத்தின் சின்னத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் செய்து லொட்டி என்ற இணைய அசைவூட்டக் கோப்பாக வெளியிடுவதாக இருந்தால், 25இல் செய்தாலும் 30இல் செய்தாலும் கவலையில்லை. லொட்டியின் இணைய நூலகம், நீங்கள் மாற்றாதவரை, இடைப்பட்ட நிலைகளையும் கணக்கிட்டுத் திரையின் வீதத்திலேயே வரையும்.

சங்க விழா ஒன்றின் வீடியோவையும் தளத்தில் ஏற்றுவதானால், அதற்கு மட்டும் கோப்புக்கென்று ஒரு வீதம் உண்டு. 50 ஹேர்ட்ஸ் மின்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னுவதால், நம்மூர் மண்டபங்களில் 25 அல்லது 50இல் எடுப்பதே படத்தில் பட்டைகள் விழாமல் காக்கும். அப்படி எடுத்ததை இணையத்துக்காக 30 ஆக மாற்றாதீர்கள். இல்லாத சட்டகங்களை மென்பொருள் இட்டுக்கட்டும். 50இல் எடுத்திருந்தால் 50 ஆகவே ஏற்றுங்கள்.

வாகனத்தில் போனால் தலைசுற்றும் சிலருக்குத் திரையில் பெரிதாக எதுவும் நகர்ந்தாலும் அதே துன்பம் வரும். அசைவைக் குறைக்கும்படி கைத்தொலைபேசியின் அமைப்பில் அவர்கள் கேட்டிருப்பார்கள். அதைச் சீஎஸ்எஸ் வினவலால் அறிந்து, வண்டியை நிறுத்தி, பூக்களை எடுத்துவிடுங்கள். தானாகத் தொடங்கி 5 செக்கனுக்கு மேல் ஓடும் எந்த அசைவையும் நிறுத்த ஒரு வழி இருக்கவேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. உங்கள் பூ உதிர்வுக்கு ஒரு நிறுத்து பொத்தான் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, அளவீடு. குரோம் உலாவியின் நிரலாளர் கருவிகளில் புரொசெசரை 4 மடங்கு, 6 மடங்கு மெதுவாக்கிப் பார்க்கலாம். அது தொடக்கத்துக்கு உதவும், ஆனால் கிராபிக்ஸ் சிப்பை அது மெதுவாக்காது. வீட்டில் அம்மாவோ மாமாவோ சில வருடங்களாகப் பயன்படுத்தும் ஓர் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை வாங்கி, கணினியோடு வயரால் இணைத்து, பத்து நிமிடம் தளத்தை ஓடவிட்டு, சூடேறிய பின்னர் பதிவுசெய்யுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். சட்டக இடைவெளிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நூறில் தொண்ணூற்றைந்தாவது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 60 ஹேர்ட்ஸ் திரையில் அது 20 மில்லிசெக்கனைத் தாண்டினால் வேலையைக் குறைக்கவேண்டும். முதலில் நிழலும் மங்கலும் போகட்டும். அடுத்துக் கன்வஸ் நுணுக்கம், அடுத்துப் பூக்களின் எண்ணிக்கை, அதன்பின் பூக்களுக்கு 30 என்ற வரம்பு. அதுவும் போதாத கைத்தொலைபேசிக்குப் பூக்களை அசையாத ஒரு படமாக வைத்துவிடுங்கள். புகைவண்டியும் ஒளிப்படங்களும் முதன்மை இழையைச் சாராதவை என்பதால், அந்தக் கைத்தொலைபேசியிலும் அவை பெரும்பாலும் திரையின் முழு வீதத்தில் ஓடும்.